திருஷ்டிப் பொட்டு

பருந்துப் பார்வை என்று என் கதைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தப் பார்வை படைத்த பறவை, மூன்று பனை உயரக் காற்றாலையில் மோதிச் சாகிறதென்றால் நம்பவா முடிகிறது? இரை தேடும்போது கண்ணெல்லாம் தரையில். எதிரே சுழலும் இறக்கையோ வேகத்தில் புகையாய் மங்கிவிடுகிறதாம். நார்வேயில் ஸ்மோலா தீவின் வெண்வால் கழுகுகள் இப்படித்தான் மாண்டன. 2013-ல் அங்கே நான்கு காற்றாலைகளில், மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வர்ணம் பூசினார்கள். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி! 2020-ல் வெளியான ஆராய்ச்சிப்படி, அவற்றில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நாலே யந்திரங்களின் கணக்குத்தான்.

மின்சாரம் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. விசிறிக்கடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் நட்ட பிறகு அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பூசுவதற்குத்தானே செலவு? தரையில் கிடக்கும்போதே பூசிவிடலாமே!