என் வயதுக் கடற்கரை

சிங்கப்பூரில் காலை ஏழு மணிவாக்கில்தான் பொழுது விடியும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே கிடக்கும் தீவு அது. சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் அரை மணிக்கு மேல் முன்பின் நகராது. 1982ஆம் ஆண்டின் முதல் நாளன்று கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள்; அதனால் ஆறரை மணிக்கும் வானம் கறுத்தே இருக்கும். வெயிலுக்கு முன் ஓடி முடிக்க நினைப்பவருக்கு இது பெரிய கொடை. ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டு, விடியல், முதல் வெயில் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். பிடோக்கில் குடியிருந்த காலம் முழுக்க என் காலைப் பொழுதுகள் அப்படித்தான் கழிந்தன.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியைவிட்டு இறங்கி, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால், தலைக்கு மேல் விமான நிலையத்துக்கு விரையும் கார்களின் இரைச்சல். மறுமுனையில் ஏறும்போதே உப்புக்காற்று முகத்தில் படும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டிக் கிடக்கும் பச்சை நாடா. கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் நகரம், இடக்கைப் பக்கம் சாங்கி. எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் முதலில் சாங்கிப் பக்கம் எதிர்காற்றில் ஓடுவேன். களைத்துத் திரும்பும்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும்.

மேற்குப் பாதைதான் எனக்கு நெருக்கமானது. லகூன் உணவங்காடி நிலையம் அந்த நேரத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். முந்தைய இரவின் சாத்தே அடுப்புக் கரி வாசம் மட்டும் மிச்சமிருக்கும். அதைத் தாண்டினால் சிக்லாப் கால்வாய். அப்புறம் மரின் பரேட் அடுக்குமாடிகளின் விளக்குகள் மரங்களுக்கு ஊடே வலப்பக்கம் கூடவே வரும். இடப்பக்கம் கடல். கரை அங்கே நேர்க்கோடாகப் போகாது. கடலுக்குள் பாறைகளை அடுக்கிச் சிறு முனைகள் கட்டியிருக்கிறார்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே மணல் பிறை வடிவில் உள்வாங்கிக் கிடக்கும். ஒவ்வொரு பிறையும் ஒரு சிறு குடா. மணலை அலை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஓடுகிறவனுக்கோ ஒவ்வொரு முனையிலும் கடல் புதிதாகத் திறக்கும்.

அந்தக் கடலில் எப்போதும் கப்பல்கள் நிற்கும். எண்ணெய்க் கப்பல்கள், சரக்குக் கப்பல்கள், எரிபொருள் நிரப்பும் சிறு கலங்கள். இருட்டில் பார்த்தால் அடிவானத்தில் இன்னொரு ஊர் விளக்கேற்றி வைத்திருக்கும். நங்கூரமிட்ட கப்பல் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்துத் திரும்பி நிற்கும். போகும்போது கிழக்கே பார்த்து நின்றவை, நீரோட்டம் மாறிவிட்ட சில காலைகளில் நான் திரும்பி வரும்போது மேற்கே பார்க்கத் தொடங்கியிருக்கும். அவ்வளவு பெரிய இரும்புகள் ஓசையே இல்லாமல் திரும்பிக்கொள்வதைக் காண்பதில் எனக்கு ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை. வானம் தெளிந்த நாளில் அவற்றுக்கும் அப்பால் இந்தோனேசியத் தீவுகள் நீலக் கீற்றாகத் தெரியும்.

பிடோக் படகுத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் மலாய் முதியவர் ஒருவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஓட்டம் முடிந்து மூச்சு வாங்க அந்தத் துறையின் கடைசிவரை நடந்துபோவேன். அவர் கைப்பிடிச் சுவரோரம் வாளியும் தூண்டிலுமாக இருப்பார். மாமா என்ற பொருளில் பாக்சிக் என்றே அவரைக் கூப்பிடுவேன். கம்போங் சிக்லாப்பில் மீனவர் வீட்டில் பிறந்தவர். நான் ஓடி வரும் பாதை முழுக்க அவர் சிறுவயதில் நீந்திய கடல் என்று ஒருநாள் சொன்னார். ஊர்ப் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே கடல் இருந்ததாம். படகுகளை மணலில் இழுத்துப் போட்டிருப்பார்களாம். இன்று அந்தப் பள்ளிவாசலிலிருந்து கடலுக்குப் போக அடுக்குமாடிகளையும் விரைவுச்சாலையையும் பூங்காவையும் கடக்க வேண்டும். அவர் குறையாகச் சொல்லவில்லை. கையை நீட்டி, இங்கே, அங்கே என்று காட்டிக்கொண்டே போனார். எனக்குத்தான் அன்று வீடு திரும்பும்வரை கால் நிலத்தில் பாவவில்லை.

1966இல் தொடங்கியது அந்த நிலமீட்பு. பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளைப் பெரிய எந்திரங்களால் வெட்டி, அந்த மண்ணை நகரும் வார்ப்பட்டைகளில் கடற்கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். கட்டம் கட்டமாக எண்பதுகள் வரை நீண்ட வேலை; சுமார் 1,500 ஹெக்டேர் புதுநிலம் எழுந்தது. மரின் பரேட் குடியிருப்பு, விரைவுச்சாலை, பூங்கா எல்லாம் அதன்மேல் நிற்பவை. நானும் எழுபதுகளில் பிறந்தவன். காலுக்கடியில் இருந்த மணலுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கடற்கரை என்றால் ஆதியிலிருந்தே அங்கே இருப்பது என்று எண்ணி வளர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு பல நாள் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஓட்டம் கரையைவிட்டு உள்ளே திரும்பியது. பழைய கரை எங்கே இருந்தது என்று காலால் தேட ஆரம்பித்தேன். மேயர் ரோட்டில் ஒருகாலத்தில் கடலைப் பார்த்து நின்ற பங்களாக்களின் வரிசை. பக்கத்திலேயே காத்தோங் பூங்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கடலோரம் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டை அதன் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. 2004இல் தோண்டிப் பார்த்தபோது அதன் சுவர்கள் வெளிப்பட்டன. கடலைக் காவல் காக்கக் கட்டிய கோட்டை. இன்று அங்கே அலையோசை கேட்காது. இன்னும் உள்ளே போனால் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில். குளக்கரையில் செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாரை வைத்து யாழ்ப்பாணத் தமிழர் எழுப்பிய கோயில் என்பது வழிவழிச் செய்தி. வியர்வையோடு உள்ளே போகக் கூச்சம். வெளியிலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு ஓடுவேன். கோயில் கட்டிய தலைமுறை காத்தோங்கில் நடந்துபோய்க் கால் நனைத்த கடல் எது என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கிழக்குப் பாதைக்கு வேறு முகம். படகோட்ட மையத்தைத் தாண்டியதும் ஆள் குறையும், மரம் குறையும். சாங்கிக் கரையோரச் சாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை; தலையைத் தொடுவதுபோல் விமானம் இறங்கும். நிழலே கிடையாது. ஏழரைக்கு மேல் அந்த வழியில் மாட்டிக்கொண்டால் உடம்பு உப்பாகிவிடும். பின்னால் விமான நிலையத்தை விரிவாக்க அந்தச் சாலையையே எடுத்துவிட்டு, கடலை ஒட்டி வேறு சாலை போட்டார்கள். நான் ஓடிய வழி இப்போது வேலிக்குள். சாலை முடிந்து சாங்கிக் கடற்கரைக்குள் நுழைந்தால், 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியப் படை 66 சீன ஆண்களை நீரோரம் நிறுத்திச் சுட்டதை நினைவூட்டும் கல் இருக்கிறது. அங்கே நான் ஓடியதில்லை, நடந்துதான் கடப்பேன்.

மழையைச் சொல்லாமல் அந்தக் கரையைச் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவ மாதங்களில், விடிவதற்கு முன்பே மேற்கு வானம் மையாய்க் கறுத்து வரும். சுமத்ராப் பக்கம் இரவில் திரண்டு மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயல்காற்று அது. சுமத்ரா என்றே அதையும் சொல்வார்கள். முதலில் காற்று சட்டென்று குளிரும். சவுக்குமரங்கள் இரையும். நாட்டுவாதுமையின் சிவந்த இலைகள் பாதையெங்கும் உருளும். இடி மின்னலுக்குப் பயந்து எல்லாரும் கூரைகளுக்குள் ஒண்டுவோம்: சைக்கிள்காரர், நாயோடு வந்த அம்மா, இரவுக் காவல் முடித்த பெரியவர், தென்காசிக்காரத் தம்பி ஒருவன். அரை மணி நேர உறவு. யாரிடமாவது பிஸ்கட் இருக்கும், பகிர்ந்துகொள்வோம். மழை விட்டதும் புன்னையடியில் வெள்ளைப் பூக்கள் கொட்டிக் கிடக்கும். நம் நெய்தல் நிலத்து மரத்தைக் கடல் தாண்டி, புது மண்ணில், அத்தனை செழிப்பாகப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறேன். வயல் வரப்போரம் ஓடுகிறேன். 2024 ஜூன் 14 அன்று சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பலொன்று எரிபொருள் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. கறுத்த அலை ஈஸ்ட் கோஸ்ட் மணலைத் தொட்ட படங்களை நண்பர்கள் அனுப்பினார்கள். சொந்த ஊர் வாய்க்காலில் சாயநீர் கலந்ததைப் பார்த்த வேதனைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வெள்ளை உடையில் தொழிலாளிகள் மணலை வாரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் அந்தப் பூங்காவில் எழுதி வைக்கத் தகுந்தவை.

அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு செய்தி வந்திருந்தது. கடல்மட்டம் உயர்வதைச் சமாளிக்க, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே சுமார் 800 ஹெக்டேர் நிலத்தை எழுப்பும் 'லாங் ஐலண்ட்' திட்டம். அதற்கும் இன்றைய கரைக்கும் நடுவே நன்னீர்த்தேக்கம் வரும். புதிதாக 20 கிலோமீட்டர் அளவுக்குக் கடலோர, நீரோரப் பூங்காக்களும் வரும் என்கிறார்கள். அது தேவை என்றே நினைக்கிறேன். கரை நெடுக மூன்று மீட்டர் சுவர் எழுப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நான் ஓடிய கரை அன்று ஏரிக்கரையாகிவிடும். காத்தோங்கில் பழைய கரையை நான் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டியிருந்தது. இந்த முறை அப்படி விட்டுவிடக் கூடாது. இன்றைய அலை தொடும் இடத்தில், பூங்காவின் நீளத்துக்கும், கல் நட வேண்டும்; எந்த ஆண்டு வரை இங்கே கடல் இருந்தது என்று நான்கு மொழியிலும் வெட்டி வைக்க வேண்டும். புதுநிலம் எழுந்ததும் முதலில் புன்னையும் நாட்டுவாதுமையும் வைக்கட்டும். ஓடுகிறவனுக்கு நிழல் கொடுக்கும் உயரத்துக்கு அவை வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.