பலகை மேல் ஒரு பாடம்

சங்கப் பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர், "உங்கள் துறையைப் பற்றியே எழுதுங்களேன்" என்றார். என் துறை இயன்முறை மருத்துவம். மனிதன் எப்படி நிற்கிறான், நடக்கிறான், குனிகிறான் என்பதே அதில் பாதி. "இதைச் சொல்லித்தர ஒரு கல்லூரியா?" என்று ஊரில் என் பாட்டி கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான்!

புனேயில் முதுநிலை பயிலும் நான், இளநிலை மாணவர்களின் சோதனைச்சாலை வகுப்பையும் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் கருவிகளைப் பார்த்தால் சிரிப்பீர்கள். 200 சென்டிமீட்டர் நீளமுள்ள மரப்பலகை ஒன்று. அதன் ஒரு முனை கட்டையின் மேல், மறு முனை எடை இயந்திரத்தின் மேல். கட்டையின் பக்கம் பாதம், இயந்திரத்தின் பக்கம் தலை என்று ஒரு மாணவனைப் படுக்கவைப்போம். பலகையால் வரும் எடையைக் கழித்துவிட்டால், இயந்திரம் காட்டுவது 28 கிலோ. பையனின் எடையோ 60 கிலோ. 28-ஐ 200-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 93 சொச்சம். பாதத்திலிருந்து அத்தனை சென்டிமீட்டரில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, அவனுடைய ஈர்ப்பு மையம் இருக்கிறது. கைகளைத் தலைக்கு மேலே நீட்டச் சொன்னால் முள் நகர்கிறது. மனப்பாடம் செய்தே பழகியவர்கள் அப்போதுதான் வாய் திறந்து கேள்வி கேட்கிறார்கள்.

வித்தை பழையதுதான். இத்தாலியரான பொரெல்லி மனிதனைப் பலகையில் கிடத்திச் சமநிலை கண்டவர். அவருடைய நூல் அவர் இறந்தபின், 1680-ல் வெளிவரத் தொடங்கியது.

பாடநூலில் கை உடல் எடையில் இத்தனை பங்கு, கால் இத்தனை பங்கு என்று ஓர் அட்டவணை உண்டு. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1955-ல் டெம்ப்ஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எட்டு ஆண்களின் சடலங்களை அறுத்து, எடைபோட்டுக் கண்ட கணக்கு, இன்றும் பல நூல்களில் நடமாடுகிறது. அந்த எட்டுப் பேரில் ஒருவராவது சம்மணமிட்டுச் சாப்பிட்டிருப்பாரா என்பது என் சந்தேகம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இதே புனேயில், போரில் கால் இழந்த வீரர்களுக்காக 1944-ல் செயற்கை உறுப்பு மையம் தொடங்கினார்கள். மேல்நாட்டுப் பாணிக் காலை மாட்டிக்கொண்டு நம்மவர் குந்தவோ, சம்மணமிடவோ, வெறுங்காலோடு வயலில் இறங்கவோ முடியவில்லை என்பதால்தான் 1968 வாக்கில் ஜெய்ப்பூர்க் கால் பிறந்தது.

ஆகவே நம் உடம்பை நாமே அளக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நடை வகுப்புக்குத் தரையில் ரங்கோலிப் பொடி தூவுவோம். (நம் ஊர்ப் பெண்கள் பார்த்தால் கோலமாவை இப்படி வீணாக்குவதா என்று சண்டைக்கு வருவார்கள்.) அதில் நடந்து, அடிக்கு அடி நாடாவால் அளக்க வேண்டும்.

சாத்தாராப் பக்கத்து மாணவன் ஒருவன் எப்போதும் கடைசியில் நின்று நழுவிவிடுவான். சிறு வயதில் தொடை எலும்பு முறிந்து, ஒரு கால் சற்றுக் குட்டை. நான் அவனைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் தானாகவே செருப்போடு வந்து பொடியில் நடந்தான். இடது அடி 52 சென்டிமீட்டர், வலது 61. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். அவனோ ஒரு ரப்பர்த் துண்டை வெட்டிச் செருப்புக்குள் வைத்து மறுபடி நடந்தான். 55, 60. "சார், நான் நொண்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், எவ்வளவு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றான் மராத்தியில்.

இப்போது இந்த வகுப்பைப் பாதியாகக் குறைக்கப் போவதாக ஒரு பேச்சு. தேர்வில் இதற்கு ஒரே கேள்வி, ஐந்து மதிப்பெண். அதற்கு இத்தனை மணி நேரமா என்கிறார்கள். கணக்கு சரிதான், மதிப்பெண்தான் கணக்கு என்றால்! குறைக்கக் கூடாதென்று மாணவர்களே விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து அந்தச் சாத்தாராப் பையனுடையது. பதில் இன்னும் வரவில்லை.