பாடப் போனவன் கோட்டுக்குத் திரும்பி வரணும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். எந்த வருடத்து மாணவன், இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்பதெல்லாம் வேண்டாம். நம் பள்ளிக் கபடி அணியில் ஆடியவன் என்பது மட்டும் போதும். "சார், குற்றாலத்துல தண்ணி விழுதா, சாரல் உண்டா" என்று ஐந்து நிமிடம் பேசினான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். ஆப்ஷன் டிரேடிங்கில் ஆறு லட்சம் போய்விட்டது. அதில் நாலு லட்சம் பர்சனல் லோன். வீட்டில் தெரியாது.

"இன்னும் ஒரு லட்சம் மட்டும் ஏற்பாடு பண்ணிட்டா மொத்தத்தையும் எடுத்துருவேன் சார்."

பணம் தர மாட்டேன் என்று சொன்னேன். அரை மணி நேரம் புத்தியும் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனிடம் நான் ஒன்றை மறைத்துவிட்டேன். நானும் விட்டவன்தான். 2,85,000 ரூபாய். என் மனைவி, மகன் தவிர இது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். கையில் பணம் வந்தது, நேரமும் வந்தது. காலையில் குளத்தங்கரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தால் அப்புறம் நாள் முழுக்க வேலை கிடையாது. யாரோ ஒருவர் டீமேட் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். முதல் மாதம் 11,000 ரூபாய் லாபம். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தியவன். எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் கெடுத்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்போது நிஃப்டி ஒரு லாட் என்பது 50. வியாழக்கிழமை எக்ஸ்பயரி. செவ்வாய்க்கிழமை ஒரு கால் ஆப்ஷனை 120 ரூபாய்க்கு 2 லாட் வாங்கினேன். 12,000 ரூபாய். 90-க்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும், நஷ்டம் 3,000-த்தோடு போகட்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். 90-க்கு வந்தது. விற்கவில்லை. 'திரும்ப ஏறும்' என்று 70 வரை பார்ப்போம் என்றேன். 60-க்கு வந்தபோது இன்னும் 2 லாட் வாங்கி ஆவரேஜ் பண்ணினேன். அது ஒரு 6,000. வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு எல்லாம் பூஜ்யம். 3,000-த்தோடு போயிருக்க வேண்டியது 18,000 ஆனது.

இந்த இடத்தில்தான் என் கபடிப் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள்.

நம் மைதானத்தில் நான் தொண்டை வறளக் கத்திய வாக்கியம் என்ன என்று உங்களுக்கே தெரியும். "பாடப் போனவன் கோட்டுக்குத் திரும்பி வரணும்!" 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் நம் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அதற்கப்புறம் எங்கள் பையன்கள் எல்லோருக்கும் பாடத்தான் ஆசை. ஒவ்வொருத்தனும் ஒரே ரைடில் மூன்று பேரைத் தொட்டுவிட வேண்டும் என்று உள்ளே பாய்வான். மூலைக்காரன் காலைப் பிடித்ததும் மண்ணில் கிடப்பான்.

ஒரு ரைடுக்கு 30 விநாடி. உள்ளே போனவன் பாக் லைனைத் தாண்டிவிட்டு, சந்தர்ப்பம் இல்லை என்றால் யாரையும் தொடாமல் திரும்பிவிடலாம். பாயிண்ட் கிடைக்காது. ஆனால் ஆளும் போகாது. நல்ல ரைடர் இப்படி வெறுங்கையோடு திரும்புவதை வெட்கமாக நினைப்பதில்லை. புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு ரைடு வெறும் ரைடாகப் போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட் என்று ஒரு விதி உண்டு. ஷேர் மார்க்கெட்டில் அப்படி ஒரு விதியை யாரும் போடவில்லை. ஒரு வாரம் முழுக்க எதையும் வாங்காமல் இருந்தால் நம்மை யாரும் அவுட் ஆக்கப் போவதில்லை. நானோ தினமும் காலை 9.15-க்கு மூன்றாவது ரைடு போகிறவன் மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பாருங்கள். 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்ட். அந்தத் தொடரில் அதுவரை சச்சினுக்கு ரன் வரவில்லை. ஆஃப் சைடில் டிரைவ் ஆடப் போய் அவுட் ஆகிக்கொண்டிருந்தார். சிட்னியில் அந்தக் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றார், 436 பந்து, 241 நாட் அவுட். அவருடைய அழகான ஷாட்டுகளில் ஒன்று அது. நமக்கு எந்தப் பழக்கம் நஷ்டம் தருகிறது என்று பார்த்து, அதை மட்டும் ஒதுக்கி வைக்க எத்தனை பேரால் முடிகிறது? என் கவர் டிரைவ், நஷ்டத்தில் இருப்பதை ஆவரேஜ் பண்ணுவது. எனக்கே தெரியும். விட முடியவில்லை.

நம் சென்னைப் பையன் குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 18 வயதில் உலக சாம்பியன். கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் செய்த தவறைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதற்கு முந்தியது முக்கியமாகப் பட்டது. முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தார். 11-வதில் ஜெயித்து முன்னிலைக்கு வந்து, 12-வதில் மறுபடி தோற்றார். நானாக இருந்தால் 13-வதில், விட்டதைப் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் தூக்கி வைத்திருப்பேன். அந்தப் பிள்ளை 13-வதை டிரா செய்தது. 14-வதில் கறுப்புக் காய்களோடு மணிக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. எதிராளி தவறியபோது தயாராக இருந்தது. நேற்றைய நஷ்டத்தை இன்றைய ஆட்டத்துக்குள் கொண்டுவராமல் இருப்பது ஒரு பயிற்சி.

செஸ்ஸில் இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரிப் பெரிய ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலையும் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது விதி. தோற்ற ஆட்டத்தையும் அன்றைக்கே உட்கார்ந்து பார்ப்பார்கள், எங்கே தப்பு என்று. நான் ஏழு மாதம் டிரேடிங் செய்தேன். ஒரு நோட்டு கூடப் போடவில்லை.

பி.வி.சிந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினாரே, அதற்கு முந்தைய மூன்று மாதம் அவர் கையில் போன் கிடையாது. கோச் கோபிசந்த் வாங்கி வைத்துக்கொண்டார், ஒலிம்பிக் முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். நாமோ ஆட்டம் முழுவதையுமே போனில் ஆடுகிறோம். பஸ்ஸில், கல்யாண வீட்டில், பந்தியில். என் தங்கை மகள் நிச்சயதார்த்தத்தில் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தேனே, போனில் சிக்னல் தேடுகிறேன் என்று சொன்னேனே, நிஃப்டிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி, மாப்பிள்ளை, இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும்.

எப்படி நின்றது என்று கேட்பீர்கள். 2023 ஏப்ரலில் ஒரு நாள் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மொத்தம் எவ்வளவுங்க போயிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறைக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. ஏழு மாதமாகக் கூட்டிப் பார்க்கவே இல்லை, பயம். அவள் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்து நான் வாசிக்க வாசிக்க அவள் எழுதினாள். ராத்திரி ஒரு மணி ஆனது. கடைசியில் கூட்டலை நான் போட்டேன். 2,85,000. அதற்கப்புறம் ஒரு ஆப்ஷன் கூட வாங்கவில்லை.

அப்போதுதான் ஒரு வித்தியாசம் புரிந்தது. விளையாட்டு வீரனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கோச் இருக்கிறார், ஒரு ஸ்கோர் போர்டு இருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே அவனிடம் "தம்பி, உனக்கு இது வராது, வாலிபாலுக்குப் போ" என்று சொல்ல ஆள் உண்டு. நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மாவட்டம், மாநிலம் என்று வடிகட்டி வடிகட்டித்தான் பெரிய மைதானத்துக்கு அனுப்புகிறோம். டிரேடிங்கில் வடிகட்டி கிடையாது. முதல் நாளே உலக சாம்பியன்களோடு ஆட்டம்.

இது என் கற்பனை இல்லை. செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தலைக்குச் சராசரி 2 லட்சம். தொடர்ந்து நஷ்டம் வந்தும் அவர்களில் 75 சதவீதத்துக்கு மேல் விடாமல் ஆடியிருக்கிறார்கள். லாபம் எடுத்த பெரிய நிறுவனங்களுக்கு அதில் பெரும்பகுதியைச் சம்பாதித்துக் கொடுத்தது கம்ப்யூட்டர் அல்காரிதம். நாம் கட்டைவிரலால் போனைத் தேய்த்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நிற்கிறோம்.

ஆகவே வீரர்களின் பழக்கங்களைப் படித்துவிட்டால் டிரேடிங்கில் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி வகுப்பு நடத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். எவ்வளவு போனால் நிறுத்துவது என்பதை உள்ளே போகும் முன்பே முடிவு செய்யுங்கள், அந்தக் கோடு வந்தால் திரும்புங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டி, உங்களுக்குப் பிரியமான ஒருவரிடம் காட்டுங்கள். கடன் வாங்கி ஆடாதீர்கள். ஆறு மாதக் கூட்டல் 'உனக்கு இது வராது' என்று சொன்னால், ஒரு நல்ல கோச் சொன்னதாக எடுத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வாருங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சொந்தக்காரர் ஒருவர், "மாமா, உங்களுக்கு அப்போ ஏழரை நடந்துச்சு, அதான்" என்பார், இதைப் படித்ததும். சனீஸ்வரர் நம் ஊர் மதுநாதர் கோயிலில்தான் இருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறேன். அவர் மேல் பழி போட எனக்கு மனசு இல்லை. 90-க்கு விற்காதது என் விரல்.

இனி, போன வாரம் போன் பண்ணிய தம்பிக்கு. இதை நீ படிப்பாய் என்று தெரியும். ஆறு லட்சம் என்பது பெரிய அடிதான். ஆனால் நீ இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறாய், மூச்சு போகவில்லை. இந்த ஒரு லட்சத்துக்கு அலையாதே. இன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்காரி பக்கத்தில் போய் உட்கார். நீ வாசி, அவள் எழுதட்டும். சொல்லப் பயமாக இருந்தால் முதலில் இந்தப் பதிவைப் படிக்கக் கொடு. "எங்க கணக்கு சாரே இப்படித்தான்" என்று ஆரம்பி. தேவைப்பட்டால் நானும் அவளும் போனில் பேசுகிறோம். லோனை எப்படி அடைப்பது என்று மூன்று பேருமாக உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அது எனக்குத் தெரிந்த கணக்கு.

மற்றவர்கள் குற்றாலம் வந்தால் வீட்டுக்கு வராமல் போகாதீர்கள். நஷ்டக் கதை கேட்கத்தான் வர வேண்டும் என்று இல்லை, காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
இலத்தூர்