ஆவடியிலிருந்து பதினைந்தே நிமிடம்!

(சிவில், மூன்றாம் ஆண்டு)

மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'நாளைய இந்தியா இளைஞர் கையில்' என்று ஏதாவது எழுதித் தருவதாகத்தான் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் மனதில் வருவது எல்லாம் ஒரு நோட்டீஸ்தான். போன வருடம் ஆவணி மாதம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நோட்டீஸ். கொஞ்சம் வெட்கமான கதை. ஆனாலும் உங்களில் பலர் வீட்டிலும் காலண்டருக்குப் பின்னால் அதே மாதிரி ஒன்று செருகி வைத்திருப்பார்கள் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். குடியிருப்பது மண்ணூர்பேட்டையில் வாடகை வீடு. டீக்கடையில் பேப்பருக்குள் இருந்து விழுந்த நோட்டீஸை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "இன்னா போட்டிருக்கான், படி" என்றார். அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆனாலும் பத்திரம், நோட்டீஸ், கரண்ட் பில் என்று எது வந்தாலும் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம்தான் வரும்.

சத்தமாகப் படித்தேன். 'ஆவடி அருகே! ஆவடியிலிருந்து பதினைந்தே நிமிடம். வெளிவட்டச் சாலை பத்து நிமிடம். பூந்தமல்லி மெட்ரோ இருபத்தைந்து நிமிடம். பரந்தூர் விமான நிலையம் நாற்பது நிமிடம்.' பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-ல் இடம் அறிவித்தார்கள். அங்கே ஒரு விமானமும் இறங்குவதற்கு முன்பே இவர்கள் நிமிடம் எண்ணிவிட்டார்கள்! அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். கால் கிரவுண்டு, அறுநூறு சதுர அடி, ஆறு லட்சத்து அறுபதாயிரம். சீட்டுப் பணமும் அம்மாவின் வளையலும் சேர்த்தால் பாதி தேறும், மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்து தருகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் ஏ.சி. வேன். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட். கூட வந்த ஏஜென்ட் அப்பாவை 'சார்' என்று கூப்பிட்டார். இருபது வருட சர்வீஸில் அப்பாவை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பா சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். ஆவடி தாண்டும்போது ஏஜென்ட், "மணியைப் பாத்துக்குங்க சார்!" என்றார். எல்லோரும் பார்த்தோம். உடனே பாட்டைப் போட்டார். மறுபடி மணியைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இறங்கினால் வளைவு, கொடி, ஷாமியானா, வெஜிடபிள் பிரியாணி. சுண்ணாம்புக் கோடு போட்ட மனைக்குள் அம்மா நின்று, "இங்க துளசி மாடம்" என்றாள்.

இருபதாயிரம் முன்பணம். ஒரு படிவத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. அப்பா அதை என் கையில் கொடுத்து, "படிச்சிப் பாரு, சைன் போடலாமா?" என்றார். நான் படித்தேன் என்று சொல்வதா, கண்ணை ஓட்டினேன் என்று சொல்வதா? பாதி வார்த்தை புரியவில்லை. வேனில் வந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போடலாம்பா" என்று சொல்லிவிட்டேன். அப்பா போட்டார்.

போனில் மேப் போட்டுப் பார்த்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தேன், பணம் கட்டிய மறுநாள்! அதில் காட்டிய நேரத்தை நம்பாமல் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. கல்லூரி விட்டு பட்டரவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினேன். ஆவடி தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, அப்புறம் செவ்வாப்பேட்டை ரோடு. அதாவது ஆவடிக்குப் பிறகு ஆறாவது ஸ்டேஷன். இறங்கினால் ஷேர் ஆட்டோக்காரர், "ஆள் சேரட்டும் தம்பி" என்றார். ஆள் சேர இருபத்தைந்து நிமிடம். ஓட்டம் இருபது நிமிடம். அதற்கு மேல் ஆட்டோ போகாது, ஒன்றரை கிலோமீட்டர் நடை. வளைவு நின்றிருந்தது. கொடி இல்லை, ஷாமியானா இல்லை. விளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு எரியவில்லை. எங்கள் மனையில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. ஆவடியிலிருந்து கணக்குப் போட்டால் எண்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. திரும்பும்போது ஆட்டோவும் இல்லை. இருட்டில் நடந்து, பால் வண்டிக்காரர் ஒருவர் புண்ணியத்தில் ஸ்டேஷன் வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. அங்கே குடிபோனால் எத்தனை மணிக்கு எழுந்து, எந்த ஆட்டோவைப் பிடித்து எஸ்டேட்டுக்கு வருவார்?

அடுத்த ஞாயிறு பெரியப்பா மகனின் பைக்கில் போய், ஆவடி ஸ்டேஷன் வாசலில் மீட்டரைக் குறித்துக்கொண்டு அளந்தேன். 22.4 கிலோமீட்டர். இதைப் பதினைந்து நிமிடத்தில் கடக்க வேண்டுமானால் மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகம். சி.டி.எச். ரோட்டில்! சிக்னலில் நிற்காமல், மாட்டுக்கு ஒதுங்காமல், ஷேர் ஆட்டோ குறுக்கே திரும்பாமல்!

நோட்டீஸை எடுத்துப் பின்பக்கம் இருந்த வரைபடத்தைப் பார்த்தபோதுதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். சென்னை சென்ட்ரல், அம்பத்தூர், ஆவடி, எங்கள் மனை எல்லாம் ஒரே நேர்கோட்டில், பாசிமணி கோத்தது போல இருந்தன. ஆவடிக்கும் மனைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் அளவு தூரம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே அதைவிட அதிகம். நடுவில் உள்ள ஆறு ஸ்டேஷன்களில் ஒன்றுகூட இல்லை. ஸ்கேல் இல்லை. வடக்கு எது என்ற அம்புக்குறி இல்லை. மூலையில் பொடியாக 'அளவுப்படி வரையப்பட்டதல்ல'. முதல் செமஸ்டரில் இப்படி ஒரு ஷீட் வரைந்துகொண்டு போனால் டிராயிங் சார் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும்! செயின் பிடிக்கவும், ரேஞ்சிங் ராடு நடவும், லெவல் எடுக்கவும் மூன்று வருடம் படிக்கிற நான், என் வீட்டுப் பணம் போகிற இடத்தை ஒரு டேப்கூட வைத்துப் பார்க்கவில்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது போலி மனை அல்ல. அங்கீகாரம் உண்டு, நம்பர் உண்டு. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதிலிருந்து நம் ஜனங்கள் 'அப்ரூவ்டா?' என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அப்பாவும் அதைக் கேட்டார். 'எவ்வளவு தூரம்?' என்று கேட்கத்தான் தெரியவில்லை. கேட்டாலும் நிமிடத்தில்தான் பதில் வரும். 'சென்னைப் பெருநகர எல்லைக்குள்' என்றும் ஒரு வரி இருந்தது. அதுவும் பொய்யல்ல. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அந்த எல்லையை 2022 அக்டோபரில் 5,904 ஆக்கினார்கள். இப்போது அரக்கோணம் பக்கம் நிற்பவரும் அதே வரியைச் சொல்லிக்கொள்ளலாம். எல்லை நகர்ந்தால் ரயிலும் ஷேர் ஆட்டோவும் கூடவே நகர்ந்துவிடுமா என்ன?

எஸ்டிமேட்டிங் சாரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்தான் 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தைக் கையில் கொடுத்தார். எட்டு மனைக்கு மேல் போட்டாலோ, 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் இருந்தாலோ ஆணையத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் விளம்பரமே செய்யலாம். அந்தப் பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணைய முகவரியையும் விளம்பரத்தில் பளிச்சென்று போட வேண்டும். நம் டீக்கடை நோட்டீஸும் சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். 12-வது பிரிவை மூன்று தடவை படித்தேன், இந்த முறை டிக்ஷனரி வைத்துக்கொண்டு! விளம்பரத்தில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டியவருக்கு, அது பொய்யாகி நஷ்டம் வந்தால் ஈடு தர வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு கொடுக்க வேண்டும். இது போக, 2019-ம் வருட நுகர்வோர் சட்டப்படி ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் வரை அபராதம் போடலாம்.

அப்பாவிடம் அன்று ராத்திரிதான் எல்லாவற்றையும் சொன்னேன், படிவத்தைப் படிக்காமலே 'போடலாம்' என்று சொன்னதையும் சேர்த்து. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குக் கிளம்பினார்.

மேனேஜர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். நான் 22.4 என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "தம்பி, 'அருகே'ன்னா எத்தனை கிலோமீட்டர்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. நிஜமாகவே எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? "சரி சார், பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்களே?" என்றேன். "அது ரயில்ல, தம்பி. ஃபாஸ்ட் லோக்கல்ல ஸ்டேஷன் வரைக்கும்." ஸ்டேஷனில் இருந்து மனைக்கு? அது எங்கள் பாடு!

இந்த இடத்தில் எனக்கு எங்கள் வகுப்பு என்.சி.சி. நண்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. உத்தராகண்டில் ஔலி என்று பனிச்சறுக்கு விளையாடும் மலை இருக்கிறது. அதன் அடிவாரத்து ஊர் ஜோஷிமத். இரண்டுக்கும் நடுவே ரோப்வேயில் போனால் சுமார் நாலு கிலோமீட்டர், மலைப்பாதையில் போனால் அதைப் போல மூன்று பங்குக்கு மேல். 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல் விட்டபோது ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். அப்போது ஜோஷிமத்தில் ஒரு லாட்ஜ்காரர் 'ஔலிக்கு நாலே கிலோமீட்டர்' என்று போர்டு வைத்திருந்தால் அது பொய்யா, மெய்யா? கம்பி வழியாக மெய்தான். கம்பியில் வண்டி ஓடினால்! பனிமலையில் அறை எடுப்பவருக்கு ஒரு நாள் வாடகையோடு போகும். எங்களுக்கு அம்மாவின் வளையல்.

மேனேஜர் கடைசியாக அந்தப் படிவத்தை எடுத்துப் போட்டார். ஒரு வரியின் மேல் பேனாவை வைத்துக் காட்டினார். 'இடத்தை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தேன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்று தடவை நடந்தோம். மூன்றாம் தடவை நான் 12-வது பிரிவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைத்து, ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறோம் என்றேன். மேனேஜர் உள்ளே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார். பதினைந்தாயிரம் கொடுத்தார்கள். ஐயாயிரம் 'ஆபீஸ் செலவு'. முழுப் பணமும் வட்டியும் வர வேண்டும் என்று நான் குதித்தேன். அப்பா, "மூணு நாள் சம்பளம் போயிருச்சுடா. விடு, போதும்" என்று நோட்டுகளை எண்ணி உள்பையில் வைத்தார். சட்டம் படித்தவன் நான். லீவுக் கணக்கு பார்த்தவர் அவர். எது சரி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கதை இதோடு முடிந்தது என்றால் நான் ஏதோ ஜெயித்த மாதிரி இருக்கும். அப்பா அப்படி நினைக்கவில்லை. தாத்தா செய்யாறு பக்கத்தில் இருந்து வந்து எஸ்டேட்டில் ஷெட் கட்டும் சித்தாள் வேலைக்குச் சேர்ந்தவர். 1964-ல் எஸ்டேட் ஆரம்பித்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வயலும் ஏரியும்தானாம். "அன்னிக்கு இங்க மனை வாங்கச் சொன்னப்போ உங்க தாத்தா இன்னா சொன்னாரு தெரியுமா? 'மெட்ராஸ் எங்க, இது எங்க?'ன்னாரு. அதான் இன்னிக்கும் வாடகை" என்பார் அப்பா. அம்பத்தூர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆகிவிட்டது. எங்களோடு வேனில் வந்த அப்பாவின் கூட்டாளி அந்த மனையை வாங்கிப் பதிவும் செய்துவிட்டார். இப்போது சதுர அடிக்கு இருநூறு ரூபாய் ஏறிவிட்டதாம். சம்பள நாள் வந்தால் அப்பா இதை ஒரு தடவை சொல்லிக் காட்டாமல் இருப்பதில்லை. கூட்டாளியும் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார், அங்கே இருந்து ஆறு மணி ஷிஃப்டுக்கு வர முடியாது என்று நான் பதில் சொல்வேன். சாப்பாடு ஆறிப்போகும்.

போன வாரம் அப்பா இன்னொரு நோட்டீஸ் கொண்டுவந்தார். 'பூந்தமல்லி மிக அருகில்.' படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டவில்லை. தானே பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தார்.

"இதுலயும் ஸ்கேல் போடலடா" என்றார்.