முட்டி உள்ளே சாய்கிறதா?



உங்கள் வீட்டில் வளர்ந்த பெண் பிள்ளை இருந்தால், அவள் மாடிப்படியில் இறங்கி வரும்போது கீழே நின்று ஒரு முறை பாருங்கள். முகத்தை அல்ல, முட்டியை. நான் வெகுநாள் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் வலைப்பந்து ஆடுகிறாள். நாங்கள் குடியிருப்பது மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடியில், நான்காவது மாடி. ஏறும்போது அவ்வளவாகச் சொல்ல மாட்டாள். இறங்கும்போதுதான் "முட்டி வலிக்குதும்மா" என்பாள். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அதே பாட்டு. குப்பை வாளியைக் கீழே கொண்டுபோகச் சொன்னால் மட்டும் வருகிற வலி என்று நான் ஏசினேன். கோடாலித் தைலம் தேய்த்துவிட்டதோடு சரி.

ஒருநாள் பந்தைப் பிடிக்கக் குதித்தவள், இறங்கிய இடத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, உள்ளே மூட்டு நார் எதுவும் அறுந்துவிடவில்லை. வலி தணிந்த பிறகு, பிசியோதெரபி செய்யும் பெண்மணி அவளை ஒற்றைக் காலில் நிறுத்தி, முட்டியைச் சற்று மடக்கச் சொன்னார். மடக்கியதுதான் தாமதம், முட்டி கால் பெருவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்ந்தது. இடுப்பும் மறுபுறம் சரிந்தது. "வலி முட்டியில். பலக்குறைவு இடுப்பில்" என்றார் அவர்.

முட்டி பெரும்பாலும் கதவுக் கீல் போல மடங்கி நிமிர்வது. இடுப்பின் பக்கத்திலுள்ள புட்டத் தசை சோர்ந்துபோனால் தொடை உள்ளே திரும்பிவிடுகிறது. கீழே பாதம் தட்டையாகச் சரிந்தாலும், கணுக்கால் இறுகிப்போய் மடங்க மறுத்தாலும் முட்டி உள்ளேதான் போகும். மேலும் கீழும் செய்கிற தப்புக்கு நடுவிலிருப்பது அடி வாங்குகிறது. முட்டிச் சில்லு தன் தடத்தைவிட்டு ஓரமாக அழுந்துகிறது. குதித்து இறங்கும்போது இப்படிச் சாய்ந்தால் உள்ளேயுள்ள குறுக்கு நாரே அறுந்துபோகலாம். ஆட்டக்காரப் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அது அதிகம்.

பயந்துவிடாதீர்கள். கொஞ்சம் சாய்வு பலருக்கும் உண்டு, எல்லாருக்கும் வலிப்பதில்லை. இரண்டு வயதிலிருந்து ஆறேழு வயது வரை பிள்ளைகளுக்கு முட்டி தட்டுவது இயல்பே. ஒரு காலில் மட்டும் தெரிந்தாலோ, வீங்கினாலோ டாக்டரிடம் போங்கள்.

அன்றிரவு கண்ணாடி முன் நானும் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். என் முட்டியும் உள்ளேதான் போயிற்று! உடனே அம்மாவின் ஞாபகம் வந்தது. அடிமரத்தில் பால் வெட்டக் குந்தி எழும்போதும், காண்டாக் கம்பில் வாளிகளைச் சுமந்து மேட்டிலிருந்து இறங்கும்போதும் அவருடைய வலது முட்டி இப்படித்தான் சாயும். வாதம் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

இப்போது தாயும் மகளும் பாயில் ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்களைச் சேர்த்தபடி மேல் முட்டியை மட்டும் கெராங் வாய் திறப்பதுபோலத் திறந்து மூடுகிறோம், பக்கத்துக்குப் பத்துத் தடவை. பிறகு கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறோம், முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்கும்படி. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, அவளுக்குச் சலிப்புத்தான். மூன்றாம் மாதம் படி இறங்கும்போது முனகல் நின்றது.

குப்பை வாளியை இன்னும் அவள்தான் கொண்டுபோகிறாள். நான் பின்னால் இறங்கினால், கீழே நின்று திரும்பிப் பார்த்து, "அம்மா, முட்டி!" என்று ஏசுகிறாள்.