அந்த ஆம்ப் இல்லாமல் அந்தச் சத்தம்

ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் அந்தத் தொழில்காரர் சுவிட்சைத் தொடுகிறார். விரல் முட்டியால் பக்கவாட்டில் இரண்டு தட்டு, பின்பலகையில் ஒரு தட்டு. 'டொக்' என்று அடங்கினால் சரி. எங்கோ ஒரு மூலையில் சலசலவென்று கேட்டால் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் என்றால் ஒயர்களுக்கு நடுவே சால்ட்ரிங் புகை கிளம்பும் வேலை என்று நினைத்துப் போனவனுக்கு, முதல் அரைமணி நேரமும் தச்சு வேலையாகவே தெரிந்தது.

பட்டறை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், லிண்டன் நகரத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. கார் நிறுத்தும் கொட்டகையைத்தான் பட்டறையாக்கியிருக்கிறார். ஊரையும் பெயரையும் எழுத வேண்டாம், ஏற்கெனவே வேலை தேங்கிக் கிடக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தோசைக்கும் ஜவுளிக்கும் நம்மவர்கள் போகிற எடிசன், ரயிலில் லிண்டனிலிருந்து சில நிலையங்கள் தள்ளித்தான் இருக்கிறது. லிண்டனுக்கு வேறொரு பெருமை உண்டு. பாஸ் கித்தார்க்காரர்கள் பக்தியோடு பெயர் சொல்லும் ஆம்பெக் கம்பெனி அறுபதுகளில் இயங்கியது அங்கேதான்.

அன்று வந்திருந்த வாடிக்கையாளர் ஒரு சர்ச் வாத்தியக் குழுவில் பாஸ் வாசிப்பவர், நாற்பதைக் கடந்தவர். நண்பரின் ஸ்டூடியோவில் பல காலம் ஆம்பெக் பி-15 ஆம்பில் வாசித்துப் பழகியவர். ஸ்டூடியோவை மூடியதும் ஆம்பும் கைமாறிப் போய்விட்டது. அவருடைய கோரிக்கை ஒரே வரிதான்: "அதே சத்தம் வேண்டும், ஆனால் நான் தனியாகத் தூக்க முடிய வேண்டும்."

தொழில்காரர் சிரித்தார். மாதத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்டு வருகிறார்களாம்.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் பெட்டியில்? ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல் அடிப்படையில் ஒரு பாஸ் வாத்தியக்காரர். ஆளுயர டபுள் பாஸ் மேளச் சத்தத்திலும் ட்ரம்பெட் சத்தத்திலும் அமுங்கிப் போகிறதே என்று, அந்த வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் முளைக்குள்ளேயே ஒரு மைக்கைப் பொருத்தினார். 1940-களின் கதை இது. அங்கிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வந்தார். அவரிடம் வேலை பார்த்த ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960-ல் வெளிவந்ததுதான் பி-15. சக்தி 25 வாட், பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வால்வுகளைத் தாங்கிய ஆம்பின் மண்டையைத் தலைகீழாகப் புரட்டி, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இறக்கிக் கொக்கி போட்டு எடுத்துப்போகலாம். வாசிக்கும்போது புரட்டி மேலே நிறுத்தினால், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையில் பொறித்த எழுத்துகள் கீழிருந்து வரும் விளக்கில் ஒளிரும். வாங்குபவர் தம் பெயரையே அதில் பொறித்துக்கொள்ளலாம்.

ஹல்லுக்கு ராக் இசை பிடிக்காது. ஜாஸ் கலைஞர்களுக்காகவே, கொஞ்சமும் கரகரக்காத ஆம்பைச் செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இன்றைக்கு பி-15 தேடி வருகிறவர்களில் பாதிப்பேர், வால்யூமைத் தூக்கியதும் ஓரத்தில் லேசாகக் கரகரக்கிற அந்தச் சத்தத்துக்காகவே வருகிறார்கள். ஹல் அதைக் கேட்டிருந்தால் கடையைச் சாத்தியிருப்பார்.

பட்டறையில் ஒரு பழைய பி-15 ரிப்பேருக்குத் திறந்து கிடந்தது. அதைத் தொடும் முன் செய்ய வேண்டிய ஒரு சடங்கு உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தங்கியிருக்கலாம். இரண்டு முனையிலும் கவ்வி வைத்த ரெசிஸ்டர் ஒன்றை அவற்றின் குறுக்கே பிடித்து, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை காத்திருக்கிறார். அப்போது யார் பேசினாலும் பதில் வராது. ஒரு கையால்தான் வேலை, இன்னொரு கை பாக்கெட்டில். மின்சாரம் ஒரு கையில் ஏறி இதயம் வழியாக மறு கையில் இறங்கக் கூடாது என்பதற்காக வால்வு காலத்து மெக்கானிக்குகள் கைக்கொண்ட பழக்கம் இது. பிறகு, சீன உணவகத்தில் கொடுக்கும் மரக்குச்சி ஒன்றை எடுத்தார். ஆம்பை மீண்டும் ஓடவிட்டு, அந்தக் குச்சியால் ஒவ்வொரு ஒயரையும் ரெசிஸ்டரையும் மெதுவாக நெருடிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் ஸ்பீக்கர் 'படபட'வென்றது. சால்டர் விட்டுப்போன மூட்டு அங்கே இருந்தது. ஆயிரக்கணக்கான டாலர் பெறும் கருவிகள் அலமாரியில் இருக்க, பழுதைக் கண்டுபிடித்தது அந்தக் குச்சி.

வால்வுகளுக்கு ஒரு தனி இழுப்பறை வைத்திருக்கிறார். அதில் ஆர்.சி.ஏ. முத்திரை போட்ட பழைய 6எல்6 வால்வுகள் துணி சுற்றிக் கிடக்கின்றன. ஆர்.சி.ஏ.வின் வால்வு ஆலை இதே மாநிலத்தில் ஹாரிசன் ஊரில் இருந்தது. இன்று புது வால்வு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனா மூன்றையும்தான் நம்ப வேண்டும். பழசுதான் உசத்தி என்கிற பேச்சை அவர் ஏற்பதில்லை. "பழைய வால்வு மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம் நூற்றில் இரண்டு. அதற்குத்தான் ஆட்கள் நூற்றில் ஐம்பது பணத்தைச் செலவழிக்கிறார்கள்" என்றார்.

மீதி தொண்ணூற்றெட்டு எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட அவர் ஒரு சோதனை வைத்தார். நான் பார்க்கப் போனதன் பலன் அங்கேதான் கிடைத்தது. வாடிக்கையாளரைத் திரும்பி நின்று வாசிக்கச் சொன்னார். முதலில் பி-15 மண்டையும் அதன் சொந்தப் பெட்டியும். அடுத்து, அதே மண்டையை ஒரு புதிய பெட்டியோடு இணைத்தார். இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர், மேலே கூர்மையான சத்தத்துக்கு ஒரு சின்ன ட்வீட்டர் என்று இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கும் ரகம். மூன்றாவதாக, இரண்டரைக் கிலோகூடத் தேறாத நவீன டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை எடுத்து, பி-15-இன் பழைய பதினைந்து அங்குலப் பெட்டியோடு மாட்டினார். ஒவ்வொரு முறை பெட்டியை மாற்றும்போதும் வால்வு ஆம்பை அணைத்துவிட்டே ஒயரைப் பிடுங்கினார்.

இரண்டாவது சேர்க்கையைக் கேட்டதும் வாடிக்கையாளர் உதட்டைப் பிதுக்கினார். விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கிறது, சத்தம் மெலிந்துவிட்டது என்றார். மூன்றாவதைக் கேட்டதும், "மறுபடி முதலாவதைப் போட்டீர்களா?" என்றார். திரும்பிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நான்கு கம்பி பாஸ் கித்தாரில் தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. அவ்வளவு அடியாழத்தைப் பழைய பெட்டிகள் சரியாகக் கொடுப்பதே இல்லை. ஆம்பெக்கின் இன்னொரு புகழ்பெற்ற தயாரிப்பு, பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடுக்கிய பெரிய பெட்டி. அதுவே 58 அதிர்வுக்குக் கீழே சரிந்துவிடும். ஆனாலும் நம் காதுக்கு அந்தச் சுரம் முழுதாகக் கேட்கிறது. அடிச்சுரத்தின் இரட்டிப்பும் மும்மடங்கும் பலமாக வந்தால், இல்லாத அடியை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். பெட்டி எதைக் கொடுக்கிறது, எதை விழுங்குகிறது என்பதில்தான் 'டோன்' பெரிதும் அடங்கியிருக்கிறது. பழைய பதினைந்து அங்குலக் காகிதக் கோன் உச்ச ஸ்தாயியையும் விழுங்கிவிடும். ட்வீட்டர் வைத்த பெட்டியில் அது அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

பெட்டிக்கு அடுத்தபடி டோன் கட்டுப்பாட்டுச் சுற்று. பீட்டர் பேக்ஸாண்டல் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1952-ல் வெளியிட்ட சுற்றின் வழியில் வந்தது பி-15-இல் இருப்பது. பாஸ், ட்ரெபிள் இரண்டு குமிழையும் நடுவில் நிறுத்தினால் அது எதையும் கூட்டாது, குறைக்காது. ஃபெண்டர் கம்பெனியின் பழைய ஆம்ப்களில் இருப்பது வேறு வகை. குமிழ்களை நடுவில் நிறுத்தினாலும் நடுத்தர அதிர்வுகளில் ஒரு பள்ளம் விழும். பாஸ் கித்தாரின் வார்த்தை தெளிவாகக் கேட்பது அந்த நடுப்பகுதியில்தான். ஆகவே ஃபெண்டர் வைத்திருப்பவர் பி-15 சத்தம் தேடி ட்ரெபிளைத் திருகிப் பயனில்லை. கையில் இருக்கும் ஆம்பில் நடுத்தரக் குமிழ் இருந்தால் அதை ஏற்றிப் பார்ப்பது உத்தமம்.

சுற்றை அப்படியே காப்பியடித்தால் சத்தமும் வந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு அவர் எப்போதும் லண்டன் கதையைச் சொல்வாராம். ஃபெண்டரின் பாஸ்மேன், பெயரே சொல்வதுபோல, பாஸ் கித்தாருக்காக 1952-ல் வந்த ஆம்ப். லண்டனின் ஹான்வெல் பகுதியில் வாத்தியக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவரோடு இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் முதலியோரும் 1962-ல் அதன் பிந்தைய மாடலைக் கிட்டத்தட்ட அச்சடித்தாற்போல் நகலெடுத்தார்கள். சுற்று ஒன்றுதான். ஆனால் உள்ளூரில் கிடைத்த டிரான்ஸ்பார்மர் வேறு, முதல் வால்வு கூடுதலாகப் பெருக்கக்கூடியது. நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் இருந்த, பின்பக்கம் திறந்த பெட்டிக்குப் பதில், நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அடைத்து மூடிய பெட்டி. வந்த சத்தமே வேறாகிவிட்டது. பாஸுக்குப் பிறந்த ஆம்பின் நகல், ராக் கித்தாரின் அடையாளமாக உலகம் சுற்றியது. நகல் தவறியதால் ஒரு தொழிலே பிறந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பேச்சு இயல்பாகவே ஜேம்ஸ் ஜேமர்சன் பக்கம் திரும்பியது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் கம்பெனிக்கு அறுபதுகளில் வாசித்த பாஸ் கலைஞர் அவர். இளையராஜா பாட்டுகளில் அடியில் ஓடும் பாஸை மட்டும் தனியே காது கொடுத்துக் கேட்கிறவர்கள், ஜேமர்சனை ஒருமுறை கேட்டால் விட மாட்டார்கள். பி-15 மோகத்துக்குப் பாதிக் காரணம் அவர் பெயர். கிளப்புகளில் அவர் பி-15 வைத்து வாசித்ததும் உண்மை. ஆனால் மோட்டவுன் பதிவுகளில் பாஸ் கித்தார் பெரும்பாலும் ஆம்ப் வழியாகப் போகாமல், நேரே பதிவு மேசைக்குள் செருகப்பட்டது. உலகம் தேடும் அந்தச் சத்தத்தில் பெரும் பங்கு அவருடைய 1962 ஃபெண்டர் பிரிசிஷன் கித்தாருக்கும், அதில் பூட்டியிருந்த வழவழப்பான தடித்த லா பெல்லா கம்பிகளுக்கும், ஒரே ஆள்காட்டி விரலுக்கும் உரியது. கம்பி அறுந்தால் தவிர மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடியின் அடியில் வைத்த ஸ்பாஞ்ச் துண்டு சத்தத்தை நீளவிடாமல் பிடித்து நிறுத்தும்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, தொழில்காரர் வாடிக்கையாளரின் கித்தாரை வாங்கிப் பார்த்தார். பளபளவென்று புதிய, சுருள் தெரியும் உருட்டுக் கம்பிகள். "ஸ்டூடியோவில் இதே கம்பியா இருந்தது?" என்றார். இல்லை, அங்கே இருந்த கித்தாரில் பழைய வழவழக் கம்பி என்று பதில் வந்தது. தேடலின் முதல் படி ஒரு செட் கம்பி விலையில் முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது படியாக அவர் சொன்னது பெட்டி. எடை குறைந்த நியோடிமியம் காந்தம் வைத்த பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ட்வீட்டர் கிடையாது, பாப்லர் ஒட்டுப்பலகையில் பெட்டி. ஒருவர் தூக்கலாம். மேலே ஏதாவதொரு நவீன ஆம்ப். வால்வின் அந்தக் கடைசிக் கரகரப்பும் வேண்டுமென்றால், அதைப் போலச் செய்யும் பெடல் ஒன்றை முன்னால் வைக்கலாம். ஆம்பெக்கே 2011-ல் பி-15-ஐ மறுபடி தயாரித்து விற்றது. அதில் 1964, 1966 இரண்டு வருட மாடல்களின் குணமும், 25 வாட்டா 30 வாட்டா என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சும் இருந்தன. அதுவும் கனம்தான், அதுவும் விலைதான்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் தந்தார். 25 வாட் ஆம்பைவிட 50 வாட் ஆம்ப் இரட்டிப்பாகக் கேட்காது. மூன்று டெசிபல் மட்டுமே ஏறும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். வால்வு ஆம்ப் திணறும்போது சத்தத்தை இதமாக அமுக்கும். நவீன ஆம்ப் திணறினால் கொடூரமாக வெடிக்கும். எனவே நவீனம் வாங்குகிறவர்கள் தேவையைவிடப் பல மடங்கு வாட் வாங்கிக்கொள்வதே நல்லது.

பழைய பி-15 வைத்திருப்பவர்கள் இவரிடம் கொண்டுவருவதற்கு முக்கியக் காரணம், வயதான கெபாசிட்டர்கள். அவற்றை மாற்றியதும் சத்தம் 'இறுகி'விட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்களாம். பழுதையே டோன் என்று பழகிவிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் அவர் வாதாடுவதில்லை. கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்.

இதே தேடலில் இருக்கும் வாசகர்களுக்கு அந்தப் பட்டறை சார்பில் இரண்டு சொல். ஆம்ப் வாங்கப் போகும்போது சொந்தக் கித்தாரைக் கையோடு எடுத்துப்போங்கள். கடையில் தொங்கும் கித்தாரில் வாசித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வால்வு ஆம்ப் அமைந்தால், ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஒருபோதும் சுவிட்சைப் போடாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் அசல் பாகம் கிடைப்பது அரிது.