கதவம் திறவாக் களஞ்சியம்

ஈட்டிய பொருளைக் காத்தல் ஈட்டுதலினும் அரிதென்பது யாவரும் அறிந்ததே. நிலத்திற்கு வேலியும் பொன்னிற்குப் பூட்டும் உண்டு. சொல்லிற்கும் குரலிற்கும் அத்தகைய காவல் நெடுங்காலம் இலதாயிற்று. ஓலையில் எழுதியவற்றைச் சிதலும் இராமபாணப் பூச்சியும் அரித்தன. எழுதப்படாதவை சொன்னாரோடு மறைந்தன. இக்காலத்திலோ ஆயிரம் சுவடிகளையும் அவற்றைப் படிப்பாரது குரலையும் ஒரு சிறு பெட்டியுள் அடக்கிவைத்தல் இயல்கின்றது. அத்தகைய பெட்டி ஒன்று தன் முகங்காட்ட மறுத்த வரலாற்றையும், அதனால் யாம் அறிந்தவற்றையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி, இரமணாசிரமத்திற்கு அண்மையிலுள்ள தெருவொன்றில் எம் தாய்மாமனார் இல்லம் உள்ளது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலம் வரும் மக்கள் வெள்ளத்தை அவ்வீட்டு மாடியினின்றே காணலாம். அங்கே, அலமாரியின் மேல்தட்டில், குடும்பத்தின் சேமிப்பகக் கணினி இருக்கின்றது. அதனுள் 4 டெராபைட் கொள்ளும் வட்டுக்கள் இரண்டு, ஒன்றன் நிழல் மற்றொன்றாய், ஒரே செய்தியைத் தாங்கி நிற்கும். கணினியை இயக்கும் நிரல்கள் 32 ஜிகாபைட் அளவினதாகிய வேறொரு சிறு வட்டில் உள்ளன. இவையன்றி, இரவுதோறும் படியெடுத்து வைத்தற்கெனப் புறத்தே இணைத்த வட்டும் ஒன்று உண்டு.

அப்பெட்டியுள் இருப்பன திருமணப் படங்களும் நிலப் பத்திரங்களும் மட்டுமல்ல. எம் பாட்டியார் தம் இறுதியாண்டுகளில் பாடிய ஏற்றப்பாட்டு, கும்மி, தாலாட்டு ஆகியவற்றையும், செங்கம் பக்கத்து உழவர் வழங்கும் சொற்களுக்கு அவர் கூறிய பொருளையும் யாம் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தோம். அகராதியிற் காணாத சொற்கள் அவற்றுட் பல. பாட்டியார் சென்ற ஆண்டு மறைந்தனர். இனி அக்குரலை மீண்டும் பதிதல் எவ்வாற்றானும் கூடாது.

ஐப்பசி விடுமுறையில் யாம் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை மழையால் மின்சாரம் பலமுறை நின்று நின்று வந்தது. மறுநாட் காலை, பெட்டியை மேற்பார்க்கும் இணையப் பக்கம் திறக்கவில்லை. மாமா கடைத்தெருவிற் கணினி பழுது பார்ப்பார் ஒருவரைத் தொலைபேசியிற் கேட்டார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம் என்பது அவர் விடை.

“தம்பி, அவர் சொல்வதுபோல் செய்துவிடலாமா?” என்றார் மாமா.

“பொறுங்கள் மாமா, எது கெட்டது என்று தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம்” என்றோம்.

நோயின் காரணத்தை ஆராயுமுன் மருந்து கொடுத்தல் தகாதன்றோ? ஆகலின், ஒவ்வொரு படியாக ஆராயத் தொடங்கினோம். முதலில், குறை காண்பானிடத்தோ காணப்படுவதனிடத்தோ என்று அறிதல் வேண்டும். கைப்பேசியிலும் அப்பக்கம் திறக்கவில்லை. எனவே குறை எம் மடிக்கணினியினுடையதன்று. அடுத்து, முகவரி. மின்சாரம் நின்று வந்தபின் வீட்டு ரௌட்டர் கருவிகட்குப் புதிய எண் வழங்குதல் உண்டு. அதன் பட்டியலை நோக்கினோம், 192.168 எனத் தொடங்கும் பழைய எண்ணே இருந்தது.

மூன்றாவதாக, ‘பிங்’ என்னும் கட்டளையால் பெட்டியைக் கூவி அழைத்தோம். 1983-ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்பார் இயற்றிய இச்சிறு நிரல், நீர்மூழ்கியைத் தேடும் ஒலியின் பெயரைத் தாங்கியது. உடனே மறுமொழி வந்தது. பெட்டி உயிரோடுதான் இருந்தது. நான்காவதாக, பக்கத்தின் வழியன்றிக் கோப்புப் பகிர்வின் வழியே 445-ஆம் வாயிலிற் புகுந்தோம். கோப்புறைகள் திறந்தன, ஏற்றப்பாட்டு இனிது ஒலித்தது. மாமாவின் முகம் தெளிந்தது. செல்வம் கெடவில்லை, அதனைக் காட்டும் முகப்பே கெட்டதென்பது இவ்வாற்றான் உறுதியாயிற்று.

இனி முகப்பு கெட்டதன் காரணம். பக்கம் வரவேண்டிய இடத்தில் 500 என்னும் பிழையெண் தோன்றிற்று. 404 என்பது கேட்ட பக்கம் இல்லை எனப் பொருள்படும். 500 என்பதோ வழங்குவோனிடத்தே உட்குறை உண்டெனப் பொருள்படும். ஆகவே எஸ்.எஸ்.எச். என்னும் வழியால் 22-ஆம் வாயிலின் உட்சென்று, வட்டுக்களின் கொள்ளளவை டி.எஃப். என்னும் கட்டளையால் வினவினோம். நிரல்கள் வாழும் சிறு வட்டு 100 விழுக்காடு நிரம்பியிருந்தது. இணையப் பக்கத்தை ஆக்கும் நிரல், வருவோரைப் பற்றிய குறிப்பினை வட்டில் எழுதியே கதவைத் திறக்கும். எழுத ஓர் எள்ளளவும் இடமின்மையால் அது நின்றுவிட்டது.

நிரப்பியது யாது? புறவட்டுக்குத் தனி மின்னிணைப்பு உண்டு. பெட்டி மீண்டும் எழுந்த வேளையில் அவ்வட்டு விழித்திருக்கவில்லை. ஆகவே அது இணையவில்லை. லினக்ஸ் முறையில் புறவட்டு ஒரு வெற்றுக் கோப்புறையின்மேல் வந்து பொருந்தும். வட்டு வாராவிடினும் அக்கோப்புறை இருக்கும். இரவிற் படியெடுக்கும் நிரல் இவ்வேறுபாட்டை அறியாமல், சிறு வட்டிலேயே அனைத்தையும் கொட்டிவிட்டது.

புறவட்டு இணையவில்லை என்பதையும், மூலங்கள் இரட்டை வட்டுக்களில் குறைவின்றி உள்ளன என்பதையும் இருமுறை சரிபார்த்த பின்னரே, வழிதவறிய படிகளை நீக்கினோம். வட்டு இணைந்திருக்கும் வேளையில் அதே கட்டளையை இடின் உண்மைப் படியே அழிந்துவிடும். இடம் உண்டாயிற்று, நிரலை மீண்டும் தொடங்கினோம், பக்கம் திறந்தது. பின் புறவட்டை இணைத்து, அது பொருந்தியுள்ளதாவென வினவிய பின்னரே படியெடுக்குமாறு ஒரு வரியையும் சேர்த்தோம்.

நண்பர்காள்! இதனில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அச்சிறு வட்டு இன்னும் பெரிதாயிருந்திருப்பின் பக்கம் கெட்டிராது. புறவட்டிற் படியுண்டு என்னும் பொய்ந்நம்பிக்கையோடு பல திங்கள் கழிந்திருக்கும். திறவாத கதவே எமக்கு உண்மை உரைத்தது. இரட்டை வட்டும் முழுக்காவல் அன்று. ஒரு வட்டுப் பழுதாயின் மற்றது தாங்கும். ஒன்றில் அழித்ததோ மற்றதிலும் அப்பொழுதே அழியும். கடைக்காரர் சொல்லைக் கேட்டிருந்தால் இரண்டும் ஒருங்கே வெறுமையாகியிருக்கும்.

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு ஊர்தோறும் ஏடு தேடினார். ஒரு வீட்டிற் சிதைந்தது வேறொரு வீட்டிற் கிடைத்தமையாலன்றோ அந்நூல்கள் நமக்கு எய்தின? அம்முறையையே யாமும் பின்பற்றி, வேலூரிலுள்ள எம் சிற்றன்னையார் இல்லத்திலும் ஒரு படி வைத்துள்ளோம். திங்களுக்கு ஒருமுறை அதனைத் திறந்து, ஏதேனும் ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்தலும் வழக்கமாயிற்று. திறந்து பாராத படி படியென எண்ணத்தக்கதன்று.

நும் இல்லத்து முதியோர் பேச்சையும் பாட்டையும் இவ்விடுமுறையிலேயே பதிந்து வைம்மின். பதிந்ததை இரண்டு வீடுகளில் வைம்மின்.